கோமளா சொன்ன பதில்

ஒன்பதே காலுக்கு
சோப்பு நுரைக்கிற சத்தம் முதலில் வரும்.
பிறகு ஒரு வயலின், பிறகு ஒரு கதவு,
பிறகு நர்ஸ் கோமளா.

சேலம் பெரியாஸ்பத்திரி, பெண்கள் வார்டு.
இருபத்தாறு கட்டில், முப்பத்தொரு பேர்.
டிரான்சிஸ்டர் பதினொன்றாம் கட்டில் பாவாயியுடையது.
அம்மாப்பேட்டைத் தறிக்குழியிலிருந்து
பித்தப்பைக் கல்லோடும் இரண்டு சேலையோடும் வந்தவள்
அதை மட்டும் துண்டில் சுற்றி
இடுப்பில் வைத்துக் கொண்டுவந்தாள்.

கோமளாவுக்கு நரம்பு தப்பாது.
வானொலியில் நரம்பு யாருக்குத் தெரியும்?
அவள் ஊசி போட்டால்
தம்ளரில் ஒரு கரண்டி படும், அவ்வளவுதான்.
பதினான்கு மாதத்தில் ஒருமுறைகூட
அவள் பெட்பேன் தூக்கியதில்லை.
அவள்மேல் யாரும் வாந்தி எடுத்ததில்லை.
அவள் நடந்தால் டக் டக்கென்று செருப்பு கேட்கும்;
என் செருப்பு கேட்டால் மேட்ரன் மெமோ கொடுப்பாள்.

"கோமளா இப்பிடி அதட்டமாட்டா" என்பாள்
ஜவ்வரிசி ஆலையில் கை வெந்த கந்தாயி,
நான் கட்டுப் பிரிக்கும்போதெல்லாம்.
"அப்ப அவளையே வரச் சொல்லு" என்பேன்
பஞ்சை உரித்தபடி.
ஆனாலும் ஒன்பதே காலுக்கு
மருந்து வண்டி பதினொன்றாம் கட்டிலருகேதான் நிற்கும்.
சக்கரம் சரியில்லை என்று சொல்லிவைத்திருந்தேன்.

மழை என்றால் சேர்வராயன் மலை
பாதி வசனத்தைத் தின்றுவிடும்.
பேட்டரி தளர்ந்தால் சன்னல் கட்டையில்
வடகம் போலத் திருப்பித் திருப்பி வெயிலுக்கு வைப்போம்.
அது ஆடி மாதம். கோட்டை மாரியம்மனுக்குக் கொட்டுகிற மேளம்
சன்னல் வரை வந்தது. வெயில் வரவில்லை.

அன்றைக்குத்தான் டாக்டர் சந்திரமோகன் கேட்டான்:
"இந்த வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்துவிடேன், கோமளா."
வயலின் இழுத்தது.
"டாக்டர், நான்..." என்றாள் கோமளா.
பேட்டரி செத்துப்போனது.

முப்பத்தொரு பேர் மூச்சுவிடுவது கேட்டது.
யாரோ டிரான்சிஸ்டரைத் தட்டினார்கள்.
யாரோ அதைச் செய்தவன் அப்பனைத் திட்டினார்கள்.
சபுரா பீவி பேட்டரியைக் கடித்துப் பார்த்தாள்.

காலையில் பாவாயிக்கு ஆபரேஷன்.
இனித் தண்ணீர் கூடாது என்று சொல்லப் போன
என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
"என்ன சொல்லியிருப்பா சிஸ்டரு?
அது தெரியாம எப்பிடி அங்க கண்ண மூடிப் படுக்கறது?"

என் பாக்கெட்டில் ஒன்பது நாளாய் ஒரு கடிதம்.
ஏற்காட்டுக் காபி எஸ்டேட்டில் கணக்கர்,
அண்ணனுக்குத் தெரிந்தவர், நல்லவர்.
பனியைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தார்,
ஆரஞ்சு மரத்தைப் பற்றி ஒன்று.
கடைசி வரி:
இங்கே நீங்கள் வேலைக்குப் போகத் தேவை இருக்காது.

"முடியாதுன்னுட்டா" என்றேன்.
"நாளைக்கு நைட் டியூட்டி இருக்குன்னு சொல்லிட்டு
கதவச் சாத்திட்டு வந்துட்டா."

எங்கிருந்து வந்தது அந்தக் கதவு, தெரியவில்லை.
"அதான் சரி" என்று பாவாயி கையை விட்டாள்.
கந்தாயி மட்டும் "அடிப் பாவி, தங்கமான டாக்டரு" என்று
போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

மறுநாள் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக்கடைக்காரர் மனைவி
புதுப் பேட்டரி வாங்கிவரச் செய்தாள்.
கோமளா "சரி" என்று சொல்லியிருந்தாள்.
நாதஸ்வரம், சிரிப்பு, சோப்பு நுரை.
அடுத்த வாரம் வேறு தொடர் என்றது ஓர் ஆண்குரல்.

வார்டு ஒத்துக்கொள்ளவில்லை.
"ஆளை மாத்திட்டானுங்க" என்றாள் கந்தாயியே,
"இது நம்ம கோமளா இல்ல."
மூக்கில் குழாயோடு பாவாயி தூங்கிக்கொண்டிருந்தாள்;
தலைமாட்டில், சீசாவில், மூன்று கல்.
அவளிடம் யாரும் சொல்லவில்லை.
பத்தாம் நாள் டிரான்சிஸ்டரை இடுப்பில் வைத்துக்கொண்டு
தப்பான முடிவோடு வீடு போனாள்.

நானும் பதில் எழுதினேன்,
விடியற்காலை நாலு மணிக்கு, கேஸ் ஷீட்டின் மேல் வைத்து.
மூன்றே வரி.
பனியைப் பற்றி எழுதியது நன்றாயிருந்தது என்பதும் அதில் ஒன்று.
தூரத்தில், மலையின் கொண்டை ஊசி வளைவில்
ஒரு லாரி வெளிச்சம் திரும்பியது,
மறைந்தது, இன்னும் மேலே போய்த் திரும்பியது.
இருபத்திரண்டாம் கட்டிலிலிருந்து யாரோ
"சிஸ்டர், பெட்பேன்" என்றார்கள்.